சத்தம் போடக் கூடாத வீடு

எங்கள் வீட்டு காலிங் பெல்லை அறுத்துப்போட்டவர் என் புருஷன்தான். காய் நறுக்கும் கத்தியால் ஒயரை அறுத்துவிட்டு, கத்தியைக் கழுவக்கூடச் செய்யாமல் மேடையில் போட்டுவிட்டுப் படுக்கப் போனார். என் மகள் சிட்டு அப்போது கைக்குழந்தை. தண்ணீர் கேன் போட வந்தவன் தெரியாத்தனமாக பெல்லை அழுத்தித் தொலைத்துவிட்டான், அதற்குத்தான் அந்த அறுப்பு. அதற்குக் கொஞ்ச நாள் முன்பு குழந்தை வீறிட்டு அழுததற்கு ஒரு டம்ளர் பறந்துபோய் சுவரில் பட்டு நசுங்கியிருந்தது. அந்த டம்ளர் இன்னும் இருக்கிறது. வாய் கோணிப்போனதால் பல் தேய்க்கிற பிரஷ்களைப் போட்டு வைத்திருக்கிறேன்.

அவருக்கு ரொட்டி ஃபேக்டரியில் வேலை. அடுப்பு ஹாலுக்கு அவர்தான் பொறுப்பு. மாவு பிசைகிற இயந்திரம் ஒரு பக்கம், ரொட்டியைத் துண்டு போடுகிற இயந்திரம் ஒரு பக்கம், நடுவில் தட்டுகள் ஓடிக்கொண்டே இருக்கிற இரும்புப் பாதை. கல்யாணமான புதிதில் ஒருமுறை டிபன் டப்பா கொடுக்க அங்கே போனேன். பக்கத்தில் நிற்கிறவரிடம் பேச வேண்டுமானாலும் காதோடு வாயை வைத்துக் கத்த வேண்டும். வெளியே வந்த பிறகும் எனக்கு வெகுநேரம் காதுக்குள் வண்டு குடைந்தது.

தெருவிளக்கு எரியும்போது போவார். விடிந்ததும் வந்துவிட வேண்டும், அதுதான் வேலை நேரம். ஆனால் என்றைக்கும் அடுத்த ஆள் வரமாட்டான். ஒருத்தனுக்கு வயிற்றுவலி, ஒருத்தனுக்குப் பெண் பார்க்கிறார்கள், ஒருத்தன் சொல்லாமலே ஓடிப்போயிருப்பான். என் புருஷன் இருக்கிறாரே, இளிச்சவாயர்! "டபுள் பாக்குறியா?" என்று கேட்டு முடிப்பதற்குள் தலையை ஆட்டிவிடுவார். வெயில் உச்சிக்கு வந்த பிறகு வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, விழுந்தால் மறுபடி விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் எழுந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். ஊர் ஞாயிற்றுக்கிழமையும் ரொட்டி தின்கிறதாம்.

ஆக, எங்களுக்குப் பகல் என்பது அவருக்கு ராத்திரி. அந்த ராத்திரியை நானும் என் மகளும் காவல் காத்தோம். குக்கர் விசில் அடிக்கும் என்று பரண் ஏறிவிட்டது. மிக்ஸியை அவர் வேலைக்குப் போன பிறகுதான் தொடுவேன். நாற்காலிக் கால்களுக்குப் பழைய சாக்ஸ் போட்டுவிட்டேன். தட்டை வைப்பதற்கு அடியில் துணி. டிவியில் படம் மட்டும் ஓடும், ஆட்கள் வாயை வாயை அசைப்பார்கள், நாங்களாகக் கதை கட்டிக்கொள்வோம். என் அக்கா சிட்டுவுக்கு ஆசையாக ஒரு குட்டி மேளம் வாங்கி வந்தாள். அவள் மாடிப்படி இறங்குவதற்குள் அதை மூட்டை கட்டி ஒளித்து வைத்தேன். சிரிப்பு வந்தால் சிட்டு தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்ள வேண்டும். அழுகை வந்தாலும் அதே தலையணைதான்.

"கத்தாத, அப்பா தூங்குறாரு." ஒரு நாளைக்கு இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ, எனக்கே தெரியாது. தன் பேரைக் கேட்பதற்கு முன்னால் என் மகள் இதைத்தான் கேட்டிருப்பாள். மற்ற பிள்ளைகளுக்கு முதலில் அம்மா வரும், அப்பா வரும். இவள் உதட்டில் விரலை வைக்கத்தான் முதலில் கற்றுக்கொண்டாள். கீழ்வீட்டு அக்கா பார்க்கும்போதெல்லாம், "உன் பொண்ணு தங்கம்டி. இருக்கிற எடமே தெரியல. எங்க வீட்டுலயும் இருக்கே ரெண்டு, பிசாசுங்க" என்பாள். எனக்கும் உச்சி குளிர்ந்துபோகும்.

அந்தத் தங்கத்தைப் பற்றித்தான் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டனுப்பினார்கள்.

வகுப்பு டீச்சர் சின்னப் பெண். என்னை ஒரு குழந்தை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பொண்ணுக்குப் பேச்சு வருமா?"

"ஏன் வராது?" எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "படுத்தா தூங்கறவரைக்கும் என் காதுக்குள்ள பேசிட்டே இருப்பா. வாய் ஓயவே ஓயாது."

"காதுக்குள்ளதானே?" என்றாள் டீச்சர். "இங்கயும் அப்படித்தான். உதடு அசையுது, சத்தம் வரல. பாத்ரூம் போகணும்னாகூட சொல்லத் தெரியல. பக்கத்துல வந்து என் புடவைய இழுக்குறா. போன வாரம் ஒரு பையன் அவ கைய பெஞ்சு சந்துல நசுக்கிட்டான். கண்ணுல தண்ணி கொட்டுது, ஆனா வாய்லேர்ந்து ஒரு சத்தம் இல்ல. எனக்கே பயமாயிடுச்சு."

அந்தக் கைக்காயத்துக்கு நான்தான் மருந்து போட்டேன். கதவில் இடித்துக்கொண்டதாகச் சொல்லியிருந்தாள்.

விஷயம் இதுதான். பரீட்சை முடிந்ததும் தலைமை ஆசிரியை சிட்டுவைத் தன் அறைக்குக் கூப்பிடுவார். அப்பா அம்மா இரண்டு பேரும் கூட இருக்க வேண்டும். கேட்கிற கேள்விக்கு அவள் வாய் திறந்து, அடுத்தவர் காதில் விழுகிற மாதிரி, ஒரு பதிலாவது சொல்ல வேண்டும். சொன்னால் மேல் வகுப்பு. சொல்லாவிட்டால் இந்தப் பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள்ள முடியாது, பேச வராத பிள்ளைகளுக்கென்று இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

"அப்பா கண்டிப்பா வரணும்" என்றாள் டீச்சர் வாசல் வரை வந்து. "இதுவரைக்கும் நாங்க அவரப் பாத்ததே இல்ல."

"நாங்களே பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று அவர் சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். மனுஷன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. எருமை மாட்டின்மேல் மழை பெய்தால்கூட அது வாலையாவது ஆட்டும்.

"காதுல விழுதா இல்லையா?"

"என்ன முணுமுணுக்குற?" என்று கத்தினார். அவருக்குப் பேச்சே அப்படித்தான், அடுப்பு ஹாலில் கத்திக் கத்தி வீட்டிலும் அதே தொண்டை. "வாய்க்குள்ளயே திட்டுற வேலைய வச்சுக்காத. சொல்றத முகத்தப் பாத்துச் சொல்லு."

முகத்துக்கு நேராக உட்கார்ந்து மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.

"சின்னக் குழந்தைதானே, வளர வளரப் பேசிடும். பேசாத பொண்ணுன்னா நல்லதுதானே, உன்னமாதிரி இல்லாம" என்று அதற்கு ஒரு சிரிப்பு வேறு. "லீவெல்லாம் கேக்க முடியாது. ஆள் இல்ல."

"அங்க எப்பத்தான் ஆள் இருந்திருக்கு? நீங்க செத்தாகூட டபுள் பாத்துட்டுத்தான் பாடையில ஏறுவீங்க."

"யாருக்காகடி ஓடுறேன்? எனக்கா? இந்த வீட்டு வாடக, அவ ஸ்கூலு, உன் செருப்பு, எல்லாம் ரொட்டிலேர்ந்துதான் வருது."

வாடகையும் செருப்பும் வந்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். எழுந்து கை கழுவிவிட்டு டிவியைப் போட்டார். எங்களுக்கு ஊமைப்படம் காட்டுகிற அதே டிவி அவர் கையில் ரிமோட் போனதும் கூரை பிய்த்துக்கொள்ளும். சிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடி வந்துவிடுவாள். ராஜாவுக்கு ஒரு சட்டம், எங்களுக்கு ஒரு சட்டம் என்று எனக்கு வயிறு பற்றி எரியும். பேசினால் கேட்காத மாதிரி இருப்பது, டிவியை மட்டும் அலறவிடுவது, எல்லாமே திமிர் என்றுதான் நினைத்தேன்.

இதற்கு நடுவில் பாத்ரூம் தாழ்ப்பாள் வேறு. மாதக்கணக்காக மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. போட்டால் விழுந்துவிடும், எடுக்க வராது. உள்ளே மாட்டிக்கொண்டு நானே ஒருநாள் கைவிரல் நகம் பிய்ந்து வெளியே வந்தேன். அவரிடம் சொன்னால், "ஞாயித்துக்கெழம பாக்குறேன்." அவருக்கு ஏது ஞாயிற்றுக்கிழமை? நானே ஒரு கார்பெண்டரைக் கூட்டி வந்தேன். அவர் வந்தது பகலில், அதாவது எங்கள் வீட்டு நடுநிசியில். சுத்தியலை வெளியே எடுத்தவரைத் தடுத்து, உள் அறையைக் கையால் காட்டி, "சத்தமில்லாம பண்ண முடியுமா?" என்று ரகசியமாகக் கேட்டேன்.

"நான் ஆணி அடிக்கிறவன்மா, மந்திரவாதி இல்ல" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

தாழ்ப்பாள் அப்படியே கிடந்தது.

ஒருநாள் பள்ளிக்கூடத்தில் தண்ணீர்த் தொட்டி உடைந்துவிட்டது என்று திடீர் லீவு விட்டார்கள். அன்று பார்த்து, அதிசயமாக, அவர் டபுள் இல்லாமல் விடிந்ததுமே வந்து படுத்துவிட்டார். நான் தெருமுனை லாண்டரியில் இஸ்திரி போடுகிறேன். முதலாளியிடம் லீவு கேட்டால், "ஓட்டல் பெட்ஷீட்டெல்லாம் மலையா குவிஞ்சு கெடக்கு, அத யாரு உங்க பாட்டனா வந்து தேய்ப்பாரு?" என்றார். சரி, அப்பா வீட்டில்தானே இருக்கிறார் என்று சிட்டுவுக்குச் சாப்பாட்டை மூடி வைத்து, கலர் பென்சில்களை எடுத்துக் கொடுத்து, வழக்கமான மந்திரத்தையும் ஓதிவிட்டுக் கிளம்பினேன்.

"கத்தாத, அப்பா தூங்குறாரு."

தலையை ஆட்டினாள்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் திரும்பி வந்து மெல்லக் கதவைத் திறந்தேன். ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. சமர்த்து, தூங்கிப்போயிருப்பாள் என்று நினைத்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். மேஜையில் மூடி வைத்த சாப்பாடு மூடி வைத்தபடியே இருந்தது. பென்சில் டப்பா திறக்கவே இல்லை.

உள் அறையில் எட்டிப் பார்த்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். சிட்டு இல்லை. கட்டிலுக்கு அடியில் இல்லை. பீரோ சந்தில் இல்லை. ஓடிப்போய் கீழ்வீட்டில் கேட்டேன், "இங்க வரலியே" என்றாள் அக்கா. மொட்டை மாடிக்கு ஓடினேன். தெருவுக்கு ஓடி, கடைக்காரரிடம் கேட்டு, மறுபடி மூச்சு வாங்க மேலே ஏறி வந்தேன். அந்த நிலைமையிலும் வீட்டுக்குள் நுழைந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? "சிட்டு... சிட்டு..." என்று ரகசியமாகக் கூப்பிட்டேன். பெற்ற மகளைக் காணவில்லை, நான் கிசுகிசுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வருகிறேன்.

அப்போதுதான் கேட்டது. பாத்ரூம் கதவில் நகத்தால் சுரண்டுகிற சத்தம். எலியோ என்று நினைக்கத் தோன்றும், அவ்வளவு சின்னச் சத்தம்.

கதவில் காதை வைத்தேன்.

"அம்மா," என்றது உள்ளேயிருந்து மூச்சுக் குரல், "கதவு தெறக்க வரல."

"எப்பலேர்ந்துடி உள்ள இருக்க?"

"நீ போனதும் வந்தேன்."

"அய்யோ! கத்தக் கூடாதா? அப்பாவ எழுப்பக் கூடாதா? பக்கத்து ரூம்லதானே இருக்காரு!"

கதவின் கீழ்ச் சந்து வழியாக, தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு சொல்லியிருக்க வேண்டும், அங்கேயிருந்துதான் குரல் வந்தது.

"அப்பா தூங்குறாரும்மா."

கதவோடு மல்லுக்கட்டிப் பார்த்தேன், தோளால் இடித்துப் பார்த்தேன், அசையவில்லை. எதிர்வீட்டு லாரி டிரைவர் அன்று ஊரில் இருந்தார். புண்ணியவான், கேட்டதும் ஒரு பெரிய சுத்தியலோடும் கடப்பாரையோடும் வந்துவிட்டார். முதல் அடியிலேயே சுவரில் மாட்டியிருந்த கண்ணாடி அதிர்ந்தது. என் கை தன்னால் எழுந்தது, மெதுவா என்று சொல்வதற்கு. பல்லைக் கடித்துக்கொண்டு கையைக் கீழே இறக்கினேன். அவர் அடித்தார், நெம்பினார், மறுபடி அடித்தார். கீழ்வீட்டு அக்கா ஓடி வந்தாள், அவளுடைய இரண்டு பிசாசுகளும் ஓடி வந்தன, மாடிப்படி முழுக்க ஆட்கள். கதவு படாரென்று பிளந்து விழுந்தது. கவிழ்த்த வாளியின்மேல் சிட்டு உட்கார்ந்திருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. இவ்வளவு பேரைப் பார்த்ததும் முதல் வேலையாக உதட்டில் விரலை வைத்தாள்.

டிரைவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "கொழந்தைய தனியா விட்டுட்டா போனீங்க? வீட்டுல யாருமே இல்லையா?" என்றார்.

"இருக்காரே" என்று உள் அறையைக் காட்டினேன்.

டிரைவர் அறை வாசலில் போய் நின்றார். கட்டிலைப் பார்த்தார், உடைந்த கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் என் புருஷன் தலைமாட்டில் குனிந்து பளீரென்று கை தட்டினார். அசைவில்லை. இன்னொரு தடவை தட்டினார்.

"என்னம்மா இது," என்றார் டிரைவர், குரல் இறங்கிப்போய், "ஆளு உசுரோடதானே இருக்காரு?"

மூச்சு சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நான் அடுப்படிக்குப் போனேன். இருப்பதிலேயே பெரிய எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்து வந்தேன். அவர் காதுக்குப் பக்கத்தில் பிடித்து ஓங்கி அடித்தேன். இத்தனை வருஷமாகச் சத்தத்தோடு வைக்காத தட்டு, போடாத கரண்டி, எல்லாவற்றுக்கும் சேர்த்து அடித்தேன். கீழ்வீட்டுப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டன. சிட்டு ஓடி வந்து என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. என் புருஷன் காலைக் கொஞ்சம் மடக்கி, போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, தூக்கத்தைத் தொடர்ந்தார்.

கடைசியில் தோளைப் பிடித்து உலுக்கினேன். தொட்டதும் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்.

"என்ன? மனுஷன நிம்மதியா தூங்கவே விடமாட்டீங்களா?" என்று கத்தியவர், வாசல் நிறைய ஆட்களைப் பார்த்ததும் திகைத்துப்போனார். "ஏன், என்ன ஆச்சு?"

"சத்தம் கேக்கலயா உங்களுக்கு?"

"என்ன சத்தம்?" என்றார்.

மறுநாள் அவரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு காது டாக்டரிடம் போனேன். ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஒன்றை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். நான் வெளியே நின்று பார்த்தேன். பொத்தானின்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, பரீட்சைக்குப் படிக்காமல் வந்த பிள்ளை மாதிரி அவர் உட்கார்ந்திருந்தார். டாக்டர் ஒவ்வொரு குமிழாகத் திருகிக்கொண்டே போனார். ஒரு காதுக்குக் கட்டைவிரல் அசையவே இல்லை, இன்னொன்றுக்கு எப்போதாவது அசைந்தது.

"ஒரு காது போயே போச்சு" என்றார் டாக்டர். "இன்னொண்ணு பாதிதான் இருக்கு. அந்த நல்ல காதத் தலகாணியில அமுக்கிப் படுத்தா, இடி விழுந்தாலும் தெரியாது. மெஷின் சத்தம்தான் காரணம். இதுல மெல்லிசான சத்தமெல்லாம் முதல்ல போயிடும். குருவி கத்துறது, மணி அடிக்கிறது, சின்னப் பசங்க பேசுறது."

"இது எப்பலேர்ந்து டாக்டர்?"

"ஒருநாள்ல வர்றதில்லம்மா. பல வருஷமா இருந்திருக்கும்."

பல வருஷம். சாக்ஸ் போட்ட நாற்காலிகள் எனக்கு ஞாபகம் வந்தன. பரண்மேல் கிடக்கிற குக்கர், மூட்டை கட்டிய மேளம், ஈரமான தலையணை எல்லாம் வரிசையாக வந்தன. நாங்கள் யாருக்காக வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தோம்?

ஆஸ்பத்திரி வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். போகிற வருகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள், பார்த்தால் பார்க்கட்டும்.

"உங்களுக்குத் தெரியும்ல? காது கேக்கலன்னு தெரியும்ல?"

கொஞ்சம் தள்ளி நின்றார். "லேசா தெரியும். வெளிய சொன்னா வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க. அடுப்பு பெல் அடிச்சா கூடவே லைட்டும் எரியும், அதப் பாத்துதான் ஓட்டிட்டிருக்கேன்."

"அங்க சொல்ல வேண்டாம். எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? எம்புள்ள வாயப் பூட்டி வச்சிருந்தேனே! நீங்க எழுந்துப்பீங்க, எழுந்துப்பீங்கன்னு அவ சிரிக்கக்கூட விடலியே நான்!"

அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்துப் பேசச் சொன்னது எதற்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நீங்க மெதுவாத்தான் பேசுறீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். "எனக்கு எதுவும் கேக்கல. வீடு நல்லா அமைதியாயிடுச்சுன்னு நெனச்சேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க என்னிடம் நூறு கேள்வி இருந்தது. இந்த மனுஷனோடு சண்டை போடக்கூட அவர் வீட்டில் இருந்தால்தானே முடியும்?

இவ்வளவுக்குப் பிறகும் அன்று தெருவிளக்கு எரிந்ததும் கிளம்பிவிட்டார். மறுநாள் டபுள். அதற்கு மறுநாளும் டபுள். காது போனது தெரிந்துவிட்டால் வேலை போய்விடும், அதனால் முன்பைவிட அதிகமாகத் தலையை ஆட்டினார். நான் பரணிலிருந்து குக்கரை இறக்கினேன். நாற்காலிச் சாக்ஸ்களைக் கழற்றி எறிந்தேன். மேளத்தை எடுத்து சிட்டுவிடம் கொடுத்து, "அடிடி, எவ்வளவு வேணும்னாலும் அடி. அப்பாவுக்குக் கேக்காது" என்றேன். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு உள்ளங்கையால் தடவிக்கொடுத்தாள். முதல் விசில் வந்தபோது எழுந்து ஓடி, உள் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன், தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். எனக்குக் கேட்டது என் குரல் மட்டும்தான்.

பள்ளிக்கூடத்துக்குப் போகிற நாள் வந்தது. முந்தின நாளே அவர் முன்னால் போய், உதட்டைப் பிரித்துப் பிரித்துச் சொன்னேன். "நாளைக்கு நீங்க வரல, நானும் சிட்டுவும் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவோம். அப்புறம் ரொட்டியோடவே குடும்பம் நடத்திக்கோங்க."

வந்தார். ஃபேக்டரியிலிருந்து நேராக, குளிக்காமல், புருவத்தில் மாவோடு. தலைமை ஆசிரியையின் அறையில் எங்களை வரிசையாக உட்கார வைத்தார்கள். நடுவில் சிட்டு, கால் தரைக்கு எட்டாமல். தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். வகுப்பு டீச்சர் சுவரோரம் நின்றாள், சிட்டுவைவிட அவளுக்குத்தான் பயம்.

"உன் பேரு என்னம்மா?"

சிட்டுவின் உதடு அசைந்தது.

"எனக்குக் கேக்கலியே. உனக்கு என்ன பிடிக்கும்?"

மறுபடியும் உதடு மட்டும். தலைமை ஆசிரியை பேனாவின் மூடியைத் திறந்தார். டீச்சர் அவசரமாக முன்னால் வந்து சிட்டுவின் பக்கத்தில் மண்டியிட்டாள். "மேடம், ஒரு நிமிஷம். சிட்டு, இது உனக்குத் தெரியும்ல? கிளாஸ்ல எல்லாரும் சொன்னாங்களே, எங்கப்பா பஸ் ஓட்டுறாரு, எங்கப்பா கடை வச்சிருக்காருன்னு. உங்க அப்பா என்ன பண்றாரு? சொல்லு கண்ணு, ஒரே ஒரு தடவ."

சிட்டு திரும்பி அவரைப் பார்த்தாள். புருவத்து மாவைப் பார்த்தாள். பிறகு டீச்சரின் காதுப் பக்கம் சாய்ந்து மூச்சுக் குரலில் சொன்னாள். எனக்குக் கேட்டது. டீச்சருக்கும் கேட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

என் புருஷன் முன்னால் வளைந்து, நல்ல காதில் கையைக் குவித்து வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார், "என்ன சொன்னா?"

அவ்வளவுதான், எனக்குள் எதுவோ பிய்த்துக்கொண்டது.

"தூங்குறாராம்!" என்று கத்தினேன். "எங்கப்பா தூங்குறாருன்னு சொல்றா! உங்களப் பத்திக் கேட்டா உங்க பொண்ணுக்குச் சொல்றதுக்கு வேற ஒண்ணுமே இல்ல! அவ எந்தக் கிளாஸ்னு உங்களுக்குத் தெரியுமா? அவ குரல் எப்படி இருக்கும்னு தெரியுமா? இருட்டுக்குள்ள நாளெல்லாம் அடஞ்சு கெடந்தாளே, அப்பகூட உங்க தூக்கத்துக்குத்தானே..."

முடிக்க விடவில்லை. நாற்காலியிலிருந்து குதித்து, என் மடிமேல் ஏறி, இரண்டு கையாலும் என் வாயை அழுத்திப் பொத்தினாள் சிட்டு.

"கத்தாதம்மா! அப்பா தூங்குறாரு!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வெளியே வராந்தாவில் போய்க்கொண்டிருந்த யாரோ நின்று எட்டிப் பார்த்தார்கள். கணீரென்ற குரல், கொஞ்சம் கரகரப்பு. என் வயிற்றில் பிறந்த பிள்ளையின் குரலை நானும் அன்றைக்குத்தான் முதல் தடவையாக முழுசாகக் கேட்டேன்.

தலைமை ஆசிரியை பேனாவை மூடி வைத்தார். "குரல் இருக்கே" என்றார் மெல்ல. "மேல் கிளாசுக்கே போகட்டும்." டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

அவருக்கும் கேட்டுவிட்டது. காதில் குவித்து வைத்த கை அங்கேயே நின்றுபோயிருந்தது. கேட்கட்டும், நன்றாகக் கேட்கட்டும் என்றுதான் எனக்கு இருந்தது. துளிகூடப் பாவமாக இல்லை.

"நான் முழிச்சிட்டுதானே இருக்கேன்" என்றார். அடுப்பு ஹால் குரலில் இல்லை, மெதுவாகத்தான் சொன்னார். "சிட்டு, இங்க பாரு. அப்பா முழிச்சிட்டுதான் இருக்கேன்."

சிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள். நம்பவில்லை. என் வாயிலிருந்து கையை எடுக்கவே இல்லை.